விளம்பரத் தீபாவளி

தீபாவளிப் பண்டிகைக்கு வேண்டிய சாமான்கள் ஐந்து. முதலாவது, எண்ணெய். இரண்டாவது, புதுத் துணி. மூன்றாவது, பட்டாசு. நான்காவது, பட்சணம். ஐந்தாவது, அந்த நான்காவது சாமானைச் சாப்பிட்டதனால் அவசியமாகிவிடுகிற லேகியம். இந்த ஐந்தில் எதைக் குறைக்கலாம் என்று யோசித்துப் பாருங்கள். குழந்தைகளிடம் பட்டாசைக் குறைக்க முடியாது. பெண்மணிகளிடம் புடவையைக் குறைக்க முடியாது. தாத்தாவிடம் லேகியத்தைக் குறைத்தாலோ, அதன் பலன் இரவு முழுவதும் வீட்டிலுள்ள அனைவருக்கும் தெரியும். ஆகவே, பண்டிகைச் செலவைச் சுருக்க நினைக்கும் குடும்பத் தலைவர் கடைசியில், "எனக்குப் போன வருஷத்து வேட்டியே புதுசாக இருக்கிறது" என்று சொல்லிவிட்டுத் திருப்தி அடைகிறார்.

இந்த ஐந்தோடு ஆறாவதாக ஒரு சாமான் எங்கள் காலத்தில் வந்து சேர்ந்தது. அதுதான் விளம்பரம். பத்திரிகை விளம்பரத்தை நான் சொல்லவில்லை. அது தீபாவளி மலர்களில் வெகு காலமாகவே பரம சாதுவாக உட்கார்ந்திருந்தது. வேண்டுமானால் படிக்கலாம், வேண்டாமென்றால் பக்கத்தைப் புரட்டிவிடலாம். நான் சொல்வது, ஆடிக்கொண்டும் பாடிக்கொண்டும் நம் வீட்டுக் கூடத்துக்கே வந்துவிட்ட தொலைக்காட்சி விளம்பரத்தை. எண்பதுகளில் குழந்தைகளாயிருந்தவர்கள் இன்று தலை நரைத்த பிறகு அந்தப் பழைய விளம்பரங்களைக் கைத்தொலைபேசியில் தேடிப் பிடித்துப் பார்க்கிறார்கள், பார்த்துச் சிரிக்கிறார்கள், சிரித்துவிட்டுக் கண்ணையும் துடைத்துக்கொள்கிறார்கள். சிரிப்பதற்குக் காரணம் சுலபமாக அகப்படும். கண்ணைத் துடைத்துக்கொள்வதற்குத்தான் கொஞ்சம் விளக்கம் வேண்டியிருக்கிறது.

"தீபாவளி விளம்பரத்தைப் பற்றிப் பேச ராஜபாளையத்துக்காரனுக்கும் ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரனுக்கும் என்ன தனி உரிமை?" என்று நேயர்கள் கேட்கலாம். சொல்கிறேன். 1985-ம் வருஷம் பழைய ராமநாதபுரம் ஜில்லாவைப் பிரித்தபோது எங்கள் இரண்டு ஊர்களும் எந்த ஜில்லாவில் சேர்ந்தனவோ, அந்த விருதுநகர் ஜில்லாவைத் தீபாவளி ஜில்லா என்றே சொல்லிவிடலாம். எண்ணெய் ஸ்நானத்துக்கு வேண்டிய நல்லெண்ணெய், எண்ணெய் வியாபாரத்துக்குப் பேர்போன விருதுநகரில் இருக்கிறது. பட்டாசு சிவகாசியில் இருக்கிறது. துணிக்கு ஸ்ரீவில்லிபுத்தூரும் அதைச் சுற்றியுள்ள தறிகளும் இருக்கின்றன. அந்தத் துணிக்கு வேண்டிய நூலுக்கு ராஜபாளையம் ஆலைகள் இருக்கின்றன. ஸ்ரீமான் பி. ஏ. சி. ராமசாமி ராஜா 1936-ம் வருஷத்தில் ராஜபாளையம் மில்லைத் தொடங்கியதிலிருந்து ஊரில் காலை நேரத்தை அறிவிப்பது கோழியா, ஆலைச் சங்கா என்ற போட்டி நடந்து வந்திருக்கிறது. பட்சணத்துக்கு ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பால்கோவா இருக்கவே இருக்கிறது. லேகியம் மட்டும் அவரவர் பாட்டியின் கைப்பக்குவம்.

பட்டுப் புடவையின் முந்தானையை முன்பக்கம் பார்த்தால் மயில் தோகை விரித்து ஆடும். பின்பக்கம் திருப்பிப் பார்த்தால் நூல் முடிச்சும் பிசிறுமாக இருக்கும். சென்னையிலும் பம்பாயிலும் தொலைக்காட்சி பார்த்தவர்கள் மயிலை மட்டும் பார்த்தார்கள். முடிச்சுப் போட்டவர்கள் எங்கள் தெருவிலேயே இருந்தபடியால் நாங்கள் இரண்டு பக்கத்தையும் ஒரே சமயத்தில் பார்த்தோம். இதுதான் எங்கள் தனி உரிமை.

தொலைக்காட்சி எங்களிடம் அவசரப்பட்டு வந்துவிடவில்லை. டில்லியில் அது 1959-ம் வருஷம் செப்டம்பர் 15-ந் தேதியே பரீட்சார்த்தமாகத் தொடங்கிவிட்டது. சென்னைக்கு 1975-ம் வருஷம் ஆகஸ்டு 15-ந் தேதி வந்தது. அதற்கு அடுத்த புத்தாண்டு தினம், அதாவது 1976-ம் வருஷம் ஜனவரி முதல் தேதி, தொலைக்காட்சியில் விளம்பரங்களுக்குக் கதவு திறந்துவிட்டார்கள். ஆனால் சென்னையில் திறந்த கதவு ராஜபாளையத்துக்குத் தெரியுமா? எங்களுக்கு மேற்கே மலை. மற்ற மூன்று பக்கமும் தூரம். 1982-ம் வருஷம் பிப்ரவரி மாதத்தில் இலங்கையில் ரூபவாஹினி தொடங்கியபோதுதான் தென் ஜில்லாக்களில் பல மாடிகளின் மேல் மூங்கில் கழிகளும் இரும்புக் குழாய்களும் முளைத்தன. இராமபிரான் அணை கட்டிப் போன இடத்திலிருந்து படம் மட்டும் அணையில்லாமல் எங்களிடம் வந்தது. சிங்கள மொழியில் யாரோ ஒரு பெண்மணி எதையோ கையில் வைத்துக்கொண்டு புன்சிரிப்புடன் ஏதோ சொல்வாள். அது சோப்பா, பிஸ்கோத்தா, வயிற்று வலி மருந்தா என்று தெரியாமலே நாங்கள் பயபக்தியுடன் பார்த்துக்கொண்டிருப்போம்.

பிறகு கொடைக்கானல் மலையின் மேல் நம்முடைய தூரதர்ஷன் கோபுரம் எழுந்தது. உடனே தென்கிழக்கைப் பார்த்துக்கொண்டிருந்த ஆண்டெனாக்களெல்லாம் வடக்கே திரும்பின. திருப்புவது என்பது ஒரு தனிக் கலை. ஒருவர் மாடியில் நின்று குழாயைத் திருப்புவார். ஒருவர் கூடத்தில் பெட்டிக்கு முன்னால் நிற்பார். நடுவில், முற்றத்தில் ஒரு பையன் நின்று, "தெரியுதா?" என்ற கேள்வியைக் கீழேயும், "தெரியலை!" என்ற பதிலை மேலேயும் கொண்டு போவான். "இப்போ தெரியுது, இப்போ தெரியுது, அப்படியே விடுங்க!" என்று கூடத்திலிருந்து கூச்சல் எழும் நேரத்தில் மாடியில் இருப்பவர் குழாயைத் திருப்பிவிட்டிருப்பார். பல வருஷங்கள் நான் அந்த நடுப் பையன் உத்தியோகத்தைப் பார்த்தேன். சம்பளம் கிடையாது, முதல் வரிசையில் உட்காரும் உரிமை மட்டும் உண்டு.

பெட்டி எங்கள் வீட்டில் இல்லை. ராஜபாளையத்தில் ஓர் ஆலையில் வேலை பார்த்த என் தகப்பனார், எதைக் கேட்டாலும், "போனஸ் வரட்டும்" என்று ஒரே பதிலை வைத்திருந்தார். ஸ்ரீவில்லிபுத்தூரில் என் அத்தை வீட்டில்தான் பெட்டி இருந்தது. அந்தத் தெருவுக்கே முதல் பெட்டி. ஆகையால் தீபாவளிக்கு முந்தின நாளே நாங்கள் குடும்பத்துடன் பஸ் ஏறி, ஏறக்குறைய 12 கிலோமீட்டர் பிரயாணம் செய்து, அத்தை வீட்டுக்குப் போய்விடுவோம். அத்தையின் மேல் இருந்த பிரியத்தினால்தான் போகிறோம் என்று அப்பா சொல்வார். அத்தையும் பெருந்தன்மையுடன் அதை நம்பினாள்.

அக்காலத்து விளம்பரங்கள் இப்போதுபோல நிகழ்ச்சியின் நடுவில் புகுந்து கழுத்தைப் பிடிப்பதில்லை. பெரும்பாலும் நிகழ்ச்சி தொடங்குவதற்கு முன்னால், கல்யாண வீட்டு வாசலில் சந்தனக் கிண்ணத்துடன் நிற்பவர்களைப்போல் வரிசையாக நின்று வரவேற்கும். 1987-ம் வருஷம் ஜனவரி மாதம் முதல் ஞாயிற்றுக்கிழமைகளில் ராமாயணம் காட்டியபோது, ராமர் வருவதற்குள் சோப்பும் பற்பசையும் தேயிலையும் ஒவ்வொன்றாக வந்து சேவித்துவிட்டுப் போகும். தெருவிலுள்ளவர்கள் ராமாயணத்துக்கு நேரத்தில் வந்தார்களோ இல்லையோ, விளம்பரத்துக்கு முன்னதாகவே வந்துவிட்டார்கள். ராமர் கதை எல்லாருக்கும் தெரிந்ததுதானே? இந்த வாரம் புதிதாக என்ன சோப்பு வந்திருக்கிறது என்பது அல்லவா தெரியாதது!

என் பாட்டி விளம்பரங்களுடன் நேரடியாகவே சம்பாஷிப்பாள். ஓர் அம்மாள் திரையில் தோன்றி, "உங்கள் குழந்தை சரியாகச் சாப்பிடவில்லையா?" என்று கேட்டால், பாட்டி, "அதெல்லாம் நல்லாச் சாப்பிடுதுங்க, தாயி. நீங்க சாப்பிட்டாச்சா?" என்று விசாரிப்பாள். பற்பசை விளம்பரத்தின்போது முந்தானையால் வாயை மூடிக்கொள்வாள். தன்னிடம் மிச்சமிருந்த நாலு பல்லை அந்த டாக்டர் பார்த்துவிடக் கூடாது என்று. கொம்பும் வாலும் வைத்த ஒரு பச்சைப் பிசாசு ஓனிடா தொலைக்காட்சிப் பெட்டிக்கு விளம்பரம் செய்துகொண்டு வரும். இந்தப் பெட்டியை வாங்கினால் அண்டை வீட்டார் பொறாமைப்படுவார்கள் என்பது அதன் உபதேசம். அண்டை வீட்டார் இருபது பேரும் எங்கள் அத்தை வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து, காபியும் குடித்துக்கொண்டு அதைப் பார்ப்பார்கள். பாவம், அந்தப் பிசாசுக்கு ஸ்ரீவில்லிபுத்தூர் வழக்கம் தெரியாது.

தீபாவளி நெருங்க நெருங்க விளம்பரங்களில் ஒரு விசித்திரம் தோன்றும். அவை பெரும்பாலும் பம்பாயில் எடுத்தவை. வாய் ஹிந்தியில் அசையும். குரல் தமிழில் வரும். வாய் மூடிய பிறகும் தமிழ் சிறிது தூரம் ஓடிப்போய் நிற்கும். அது போகட்டும். அந்த விளம்பரங்களில் தீபாவளி இரவில் நடந்தது! வீடு முழுவதும் வரிசை வரிசையாக அகல் விளக்கு. பட்டும் நகையும் அணிந்த ஒரு குடும்பம். தட்டு நிறைய மிட்டாய். எங்கள் ஊரிலோ தீபாவளி விடியற்காலை நாலு மணிக்குத் தொடங்கி, ஏழு மணிக்கெல்லாம் இட்டிலியுடன் ஏறக்குறைய முடிந்துவிடும். விளக்கு வரிசை எங்களுக்குக் கார்த்திகைக்குத்தான். பாட்டி வெகு நேரம் யோசித்துவிட்டு, "பம்பாயிலே பஞ்சாங்கம் தப்பு. கார்த்திகையை முன்னாடியே கொண்டாடுறாங்க" என்று தீர்ப்புச் சொன்னாள். வடக்கே அமாவாசை இரவில் லக்ஷ்மி பூஜை செய்வதும், நாம் பெரும்பாலும் அதற்கு முந்தின நரக சதுர்த்தசியில் விடியற்காலையில் நீராடுவதும் எனக்குப் பின்னால்தான் தெரிந்தன. அது தெரிவதற்குள், எங்கள் தீபாவளி ஏதோ அரைகுறை என்றும், விளம்பரத் தீபாவளியே பூரணமானது என்றும் நாங்கள் பிள்ளைகளெல்லாம் முடிவு கட்டிவிட்டோம். ஒரு வருஷம் என் தங்கை அகல் விளக்கு வைக்க வேண்டும் என்று அழுதாள். அத்தை இரண்டு விளக்கை ஏற்றிக் கொடுத்துவிட்டு, கார்த்திகைக்கு இரண்டைக் குறைத்துக்கொண்டாள்.

எண்ணெய் விஷயத்தில் மட்டும் விளம்பரம் எங்கள் பக்கத்திலிருந்தே புறப்பட்டுப் போயிற்று. விருதுநகர் இதயம் நல்லெண்ணெயின் விளம்பரத்தில் நடிகை சித்ரா தோன்றினார். அவர் எத்தனையோ திரைப்படங்களில் நடித்தவர். ஆயினும் ஜனங்கள் அவருக்கு வைத்த பெயர் 'நல்லெண்ணெய் சித்ரா' என்பதே. 2021-ம் வருஷம் அவர் காலமானபோதும் பத்திரிகைகள் அந்தப் பெயரைச் சொல்லித்தான் அவரை அடையாளம் காட்டின. ஒரு நடிகைக்குப் படங்கள் தராத பட்டத்தை ஓர் எண்ணெய் தந்தது என்றால், விளம்பரத்தின் வலிமையை என்னென்பது!

விளம்பரத்து எண்ணெய்க்கும் வீட்டு எண்ணெய்க்கும் ஒரு வித்தியாசம் உண்டு. விளம்பரத்தில் எண்ணெய் கண்ணில் வழியாது. அத்தை வீட்டில் வழியும். அதிகாலை நாலு மணிக்குப் பலகையில் உட்கார வைத்து, மிளகு போட்டுக் காய்ச்சிய எண்ணெயை உச்சந்தலையில் அத்தை வைத்துத் தேய்க்கும்போது, தலைக்குள் இருக்கும் பாடங்களெல்லாம் இடம் மாறிவிடும். பிறகு சீயக்காய். எண்ணெய் தப்பவிட்ட கண்ணைச் சீயக்காய் தப்பவிடாது. அந்தச் சமயத்தில் எனக்கு லிரில் சோப்பு விளம்பரத்துப் பெண்ணின் ஞாபகம் வரும். எழுபதுகளில் வந்து புகழ் பெற்ற அந்த விளம்பரத்தை எடுத்ததும் கொடைக்கானலில்தான். பாம்பார் அருவிக்கு லிரில் அருவி என்றே இன்னொரு பெயர் உண்டாகிவிட்டது. அந்தப் பெண் மலை அருவியின் குளிர்ந்த ஜலத்தில் கலகலவென்று சிரித்துக்கொண்டு குளிப்பாள். வெந்நீரில் குளித்த நாங்களோ ஊர் கேட்க அழுதோம். கொடைக்கானலிலிருந்து படம் வந்த வழியாகவே கொஞ்சம் சிரிப்பும் வந்திருக்கலாம்.

துணி விளம்பரங்கள் வேறு மாதிரி. இருபது விநாடியில் ஒரு மனிதர் துணியைத் தொடுவார், தோளில் போடுவார், சட்டையாக அணிந்து மோட்டாரில் ஏறிப் போய்விடுவார். எங்கள் தையற்காரரோ ஆயுத பூஜைக்குக் கொடுத்த துணியைத் தீபாவளிக்கு முந்தின இரவு பதினொரு மணிக்குத்தான் வெட்ட ஆரம்பிப்பார். அவருடைய கடைத் திண்ணையில் தெருப் பிள்ளைகள் எல்லோரும் தூங்கி வழிந்துகொண்டு காத்திருப்போம். மூன்று மணிக்குக் கிடைக்கும் சட்டையில் பொத்தான் இருக்கும், பொத்தான் துவாரம் இருக்காது. ஆனாலும் அந்தச் சட்டையை அணிந்த கணத்தில் மோட்டாரில் ஏறிய மனிதரைவிட எங்களுக்கு நடை கம்பீரமாகத்தான் இருந்தது.

துணிக் கடை விளம்பரங்களில் ஒன்று எங்களுக்குச் சொந்த விஷயம். 1923-ம் வருஷத்தில் ஸ்ரீவில்லிபுத்தூரில் போத்தி மூப்பனார் என்பவர் தம் தறியில் நெய்த வேட்டி, துண்டு, பருத்திப் புடவைகளை விற்கத் தொடங்கினார். அந்தக் கடை அவர் மகன் காலத்தில் 'போத்தீஸ்' என்று பெயர் பெற்று, திருநெல்வேலிக்குப் போய், அங்கிருந்து சென்னை தியாகராய நகர் வரை போயிற்று. பண்டிகை தோறும் தொலைக்காட்சியில் அந்தப் பெயர் வரும்போது எங்கள் அத்தை வீட்டுக் கூடம் நிமிர்ந்து உட்காரும். 2015-ம் வருஷத்தில், அதுவரை விளம்பரப் படங்களில் நடிக்காதிருந்த ஸ்ரீ கமல்ஹாசன் முதல் தடவையாக அந்தக் கடைக்காக நடித்தார். அத்தைக்கு அப்போது எழுபது வயதுக்கு மேல். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு முழுவதையும் பார்த்தாள். பிறகு, "எல்லாம் நல்லாத்தான் சொல்லுது அந்தப் பிள்ளை. மஞ்சப்பை குடுப்பாங்களான்னு மட்டும் சொல்லலையே!" என்றாள். ஊர்த் தறியில் தொடங்கிய துணி எத்தனை பெரிய மாளிகையில் ஏறினாலும், அத்தையைப் பொறுத்தவரையில் அது மஞ்சப்பையில்தான் வீட்டுக்கு வர வேண்டும்.

இதில் இன்னொரு வேடிக்கை. பட்டுப் புடவை விளம்பரம் வரும். தாயும் மகளும் தழையத் தழையப் பட்டு உடுத்திக்கொண்டு, கம்பி மத்தாப்பைக் கையில் பிடித்துச் சுழற்றுவார்கள். அது முடிந்ததும் பொதுஜன நன்மைக்காக ஓர் எச்சரிக்கை வரும்: பட்டாசு கொளுத்தும்போது பட்டு, நைலான் உடுத்தாதீர்கள், பருத்தி ஆடையே நல்லது, பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீர் வையுங்கள். "முதல்லே அந்தப் பொம்பளைக்குச் சொல்லுங்கடா!" என்று பாட்டி பதறுவாள். சுடச்சுட யாருக்காவது விரலில் பட்டுவிட்டால் அதற்கும் எங்கள் பக்கத்தில் பஞ்சமில்லை. ராஜபாளையத்துக்குப் பக்கத்துச் சத்திரப்பட்டியில் நெய்வதே காயத்துக்குக் கட்டும் பாண்டேஜ் துணிதான். பண்டிகைக்கு முன்னாலும் நாங்கள் நெய்தோம். பண்டிகைக்குப் பின்னாலும் நாங்களே நெய்தோம்.

இனி நான் சொல்லப் போவது பட்டாசு விஷயம். இங்கேதான் சிரிப்பு கொஞ்சம் நின்றுவிடுகிறது.

1922-ம் வருஷம் ஸ்ரீமான்கள் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழில் பயின்று வந்தார்கள். மழை பொய்த்த கரிசல் சீமைக்கு அந்த வறட்சியே முதலாயிற்று. தீப்பெட்டி, பிறகு பட்டாசு, பிறகு பட்டாசுப் பெட்டிக்கு ஒட்டும் வர்ணப் படத்துக்கான அச்சுத் தொழில், பிறகு நாடு முழுவதற்கும் காலண்டர் என்று வளர்ந்து, சிவகாசி 'குட்டி ஜப்பான்' ஆயிற்று. நாட்டில் கொளுத்தும் பட்டாசில் பெரும் பகுதி அங்கிருந்தே போகிறது.

ஸ்ரீவில்லிபுத்தூரில் அத்தை வீட்டுக்கு எதிர்வீட்டில் ஓர் அக்காள் இருந்தாள். தினம் விடியுமுன்னே பட்டாசு ஆலையின் வண்டி தெருமுனைக்கு வரும். அக்காள் தூக்குச் சட்டியுடன் ஏறிப் போவாள். பொழுது சாயும் வேளையில் திரும்பி வரும்போது அவள் கைகள் முழங்கை வரையில் வெள்ளி பூசினாற்போல் மினுமினுக்கும். அலுமினியத் தூள். எத்தனை தேய்த்துக் கழுவினாலும் நகக் கண்ணில் ஒரு சாம்பல் கோடு மிச்சமிருக்கும். இரவில் வீட்டிலும் அவள் சும்மா இருக்கமாட்டாள். பட்டாசுப் பெட்டிகளை மடித்துப் பசை தடவி ஒட்டிக்கொண்டிருப்பாள். தொலைக்காட்சி பார்க்க வரும்போதும் ஒரு கட்டு அட்டை அவள் மடியில் இருக்கும். கண் திரையில், கை அட்டையில்.

ஒரு தீபாவளிக்கு முந்தின இரவு. ஏதோ ஒரு பண்டிகை விளம்பரத்தில், சிரிக்கும் குழந்தைகளுக்கு நடுவே ஒரு மேஜை, மேஜையின் மேல் ஒரு பட்டாசுப் பெட்டி. அக்காளின் கை நின்றுவிட்டது. "மதினி! அது எங்க கம்பெனிப் பெட்டி! நான் ஒட்டினதாயிருந்தாலும் இருக்கும்!" என்று கூவினாள். கூடம் முழுவதும் திரும்பிப் பார்த்தது. அதற்குள் விளம்பரம் முடிந்து தேயிலை வந்துவிட்டது. அடுத்த தடவை வரும்வரை காத்திருந்தோம். வந்தது, இரண்டு விநாடி பெட்டி தெரிந்தது, போய்விட்டது. அன்று இரவு எங்கள் தெருவில் நட்சத்திர அந்தஸ்து அந்த அக்காளுக்குத்தான்.

மறுநாள் காலையில் நாங்கள் சரமும் சங்கு சக்கரமும் புஸ்வாணமும் கொளுத்தி ஆரவாரம் செய்தோம். அக்காள் திண்ணையில் உட்கார்ந்திருந்தாள். "நீங்க ஒண்ணு கொளுத்துங்க, அக்கா" என்று ஒரு மத்தாப்பை நீட்டினேன். "வேண்டாம், கண்ணு. வருஷம் பூராவும் எனக்கு இதேதானே? இன்னைக்கு ஒரு நாள் மருந்து வாசனை இல்லாமே இருக்கேன்" என்றாள். நாங்கள் கொளுத்திய சத்தம் ஒவ்வொன்றுக்கும் அவள் கண் இமை துடித்ததை நான் பார்த்தேன். ஏன் என்று அப்போது எனக்குப் புரியவில்லை.

2012-ம் வருஷம் செப்டம்பர் 5-ந் தேதி சிவகாசிக்கு அருகே முதலிப்பட்டியில் ஒரு பட்டாசு ஆலை வெடித்து முப்பதுக்கும் மேற்பட்டவர்கள் மாண்டார்கள். அந்த வருஷத் தீபாவளிக்கு அப்போது இன்னும் ஏறக்குறைய பத்து வாரம் இருந்தது. அதற்கு முன்னாலும் விபத்துக்கள் உண்டு, பின்னாலும் உண்டு. எங்கள் பக்கத்தில் வெளியே எங்கோ ஒரு பெரிய சத்தம் கேட்டால், "எந்த ஊர்?" என்றுதான் முதலில் கேட்போம். அக்காளின் இமை துடித்த காரணம் அதுதான். முப்பது வருஷத்து விளம்பரங்களை இப்போது உட்கார்ந்து பார்க்கிறேன். அவற்றில் மத்தாப்புப் பிடித்த கைகள் ஆயிரம் இருக்கின்றன. எல்லாம் மருதாணி இட்ட கைகள். நகக் கண்ணில் சாம்பல் கோடு உள்ள கை ஒன்றுகூட இல்லை. வர்ணப் படம் எடுக்கிறவர்களுக்கு அந்த வர்ணம் பிடிக்கவில்லை போலிருக்கிறது.

இத்தனை விளம்பரங்களிலும் தலையிடாமல் ஒதுங்கி நின்றது எங்கள் பால்கோவா ஒன்றுதான். ஆண்டாள் கோவில் வீதிகளில் பெரிய கடாயில் பாலும் சர்க்கரையும் சேர்த்து விறகு அடுப்பில் கிளறும்போது எழும் வாசனையே அதற்குப் போதுமான விளம்பரம். 2019-ம் வருஷம் அதற்குப் புவிசார் குறியீடு என்னும் அரசாங்க அங்கீகாரமும் கிடைத்தது. அந்த அங்கீகாரம் கிடைப்பதற்கு வெகு காலம் முன்னமேயே பால்கோவா வாங்காமல் பஸ் ஏறிய உறவினர்களை நாங்கள் உறவினர்களாகக் கருதியதில்லை.

1993-ம் வருஷத்தில் சன் தொலைக்காட்சி வந்தது. பிறகு பண்டிகைக் காலையில் ஸ்ரீ சாலமன் பாப்பையாவின் பட்டிமன்றமும், பிற்பகலில் புதுப் படமும், இரண்டுக்கும் நடுவே கணக்கில்லாத விளம்பரங்களும் வந்தன. மெள்ள மெள்ள வீட்டுக்கு வீடு பெட்டி வந்தது. அப்பாவின் போனஸும் ஒரு வருஷம் எங்கள் வீட்டுப் பெட்டியாக மாறிற்று. அத்தை வீட்டுக் கூடம் காலியாயிற்று. இன்றைக்கு விளம்பரம் ஆளுக்கொன்றாக அவரவர் கைத்தொலைபேசிக்கே வருகிறது. நான் முழங்கால் வலிக்குத் தைலம் விசாரித்தால் எனக்குத் தைலம். என் மருமகள் வளையல் விசாரித்தால் அவளுக்கு வளையல். ஒரே சோபாவில் உட்கார்ந்திருக்கும் இருவருக்கும் ஒரே விளம்பரம் தெரிவதில்லை. பாட்டி இருந்தால் யாருடன் பேசுவாள்? "நீங்க சாப்பிட்டாச்சா?" என்று கேட்டால், அடுத்த நிமிஷம் நாலு சாப்பாட்டுக் கடைகள் விலாசம் அனுப்பிவிடும்.

பழைய விளம்பரங்களைப் பார்த்து நாங்கள் ஏங்குவது அந்தச் சோப்புக்காகவோ சட்டைத் துணிக்காகவோ அல்ல. வாங்க முடிந்தவரும் முடியாதவரும் ஒரே ஜமுக்காளத்தில் உட்கார்ந்து, ஒரே பொருளுக்கு ஆசைப்பட்டு, ஒரே சமயத்தில் சிரித்தோமே, அதற்காக. அந்த ஜமுக்காளத்தில் விளம்பரத்தின் முன்பக்கத்தைப் பார்த்தவர்களும், பின்பக்கத்தில் முடிச்சுப் போட்டவர்களும் தோளோடு தோள் உரச உட்கார்ந்திருந்தார்கள். இப்போது முன்பக்கம் மட்டும் வெகு அழகாகக் கையிலேயே வந்துவிடுகிறது.

போன தீபாவளிக்கு ஸ்ரீவில்லிபுத்தூர் போயிருந்தபோது அந்த அக்காளைப் பார்த்தேன். வேலையை விட்டுப் பல வருஷங்கள் ஆகின்றன. நகக் கண்கள் வெளுத்துவிட்டன. என் கைத்தொலைபேசியில் அந்தப் பழைய விளம்பரத்தைத் தேடி எடுத்து வைத்திருந்தேன். பெட்டி தெரிந்த இடத்தில் படத்தை நிறுத்தி, இரண்டு விரலால் பெரிதாக்கிக் காட்டினேன். நாற்பது வருஷமாக இரண்டே விநாடி தெரிந்து மறைந்த பெட்டி, அசையாமல் அவள் உள்ளங்கையில் நின்றது. அக்காள் கண்ணுக்கருகில் கொண்டு போய், திருப்பித் திருப்பிப் பார்த்தாள். நான் ஏதோ பெரிய உணர்ச்சியை எதிர்பார்த்துக் காத்திருந்தேன்.

"அந்த வலது மூலையைப் பாரு, பசை பிரிஞ்சிருக்கு" என்றாள் அக்காள், தொலைபேசியை என்னிடம் திருப்பிக் கொடுத்துவிட்டு. "இது நான் ஒட்டினதில்லை!"